பொம்மைக்கு முன்பே பிறந்த ‘டால்’

ஆங்கிலத்தில் ‘டால்’ என்றால் பொம்மை. ஒரு பெண்ணை அப்படிக் கூப்பிட்டால், பொம்மைபோல அழகாக இருக்கிறாள் என்று அர்த்தம். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தது தலைகீழ். டோரதி என்ற பெண்பெயரைத்தான் வீட்டில் செல்லமாகச் சுருக்கி ‘டால்’ என்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் அந்தச் செல்லப்பெயர் பொதுச்சொல்லாகி, ஆசைநாயகியைக் குறிக்கத் தொடங்கியது. குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மைக்கு அது வந்து ஒட்டிக்கொண்டது 1700ஐ ஒட்டித்தான். அதுவரை பொம்மையை ‘பேபி’ என்பார்கள். லண்டன் ஸ்மித்ஃபீல்டில் ஆண்டுதோறும் கூடிய பார்த்தலோமியூ சந்தையில் விற்ற பொம்மைகளுக்கு ‘பார்த்தலோமியூ பேபி’ என்றே பெயர். அதாவது பெண்ணின் பெயரைத்தான் கொண்டுபோய்ப் பொம்மைக்கு வைத்திருக்கிறார்கள்.

டோரதியில் ‘ல’ இல்லையே, டாலில் எப்படி வந்தது? அந்தக் கால ஆங்கிலேயர்கள் பெயரைச் சுருக்கும்போது ‘ர’வை ‘ல’ ஆக்கிவிடுவார்கள். மேரி மோலி ஆனாள், சாரா சாலி ஆனாள், ஹாரி ஹால் ஆனான். மேரியின் இன்னொரு சுருக்கமான ‘மோல்’, திருடனோடு திரியும் பெண்ணுக்குப் பொதுப்பெயராகவே நிலைத்துவிட்டது. அந்தப் பெயருக்குப் புகழ் சேர்த்தவர்களில் ஒருவர் மேரி ஃப்ரித், 1659இல் இறந்த லண்டன்காரி. ‘மோல் கட்பர்ஸ்’ என்றால் ஊருக்கே தெரியும். அன்று பணப்பையை இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிடுவார்கள். அந்தக் கயிற்றை அறுத்துப் பையை அடிப்பவர்தான் கட்பர்ஸ். இந்த அம்மாள் ஆண் உடை போட்டுக்கொண்டு, புகைக்குழாயும் கையுமாகத் திரிந்தவர். அவர் உயிரோடு இருக்கும்போதே அவரை வைத்து மேடையில் நாடகம் போட்டார்கள்.

இப்படிப் பெயரிலிருந்து கிளம்பிய சொற்கள் இன்னும் உண்டு. ஜூடித் சுருங்கி ‘ஜூடி’. தெருவோரக் கைப்பாவைக் கூத்தில் ‘பஞ்ச்’ என்ற கோமாளியின் பெண்டாட்டியாக வந்து அடி வாங்குபவள் அவள்தான் (அவளுக்கும் ஆரம்பத்தில் ஜோன் என்றுதான் பெயர், ஜூடி பிற்பாடு வந்தவள்). 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூல் துறைமுகத்து மாலுமிகளுக்கு எந்தப் பெண்ணும் ஜூடிதான். பிரிட்ஜெட் சுருங்கி ‘பிட்டி’. இன்று ‘ஓல்ட் பிட்டி’ என்றால் தொணதொணக்கும் கிழவி. ஜில்லியன் சுருங்கி ‘ஜில்’, அதிலிருந்து ‘ஜில்லெட்’, அதிலிருந்துதான் ஆசை காட்டிவிட்டுக் கைவிடுவதைச் சொல்லும் ‘ஜில்ட்’ வந்தது என்கிறார்கள். ஏன் இந்தப் பெயர்கள் மட்டும் மாட்டிக்கொண்டன? தெருவுக்கு நான்கு பேருக்கு இருந்த பெயர்கள் என்பதால்தான். நாம் ‘குப்பனும் சுப்பனும்’ என்று சொல்வதில்லையா, அதே கணக்கு. ஒரு வித்தியாசம்: ஆணுக்குப் பொதுப்பெயரான ‘ஜாக்’ அப்படியொன்றும் கெட்டுப்போகவில்லை. மோலும் ஜில்லும்தான் கெட்டுப்போனார்கள்.

பழைய பிரிட்டிஷ் தொடர்களைப் பார்க்கிறவர்களும் பழைய நாவல்களைப் படிக்கிறவர்களும் பெண்ணைக் குறிக்கும் இந்த மாதிரிக் கொச்சைச் சொற்களில் தடுக்கி விழுவது வழக்கம். அகராதியைப் பார்த்தால் ‘இழிவழக்கு, பெண்’ என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடும். எந்தக் காலத்துச் சொல், யார் வாயில் வந்தது, கொஞ்சலா, கேலியா, வசவா என்று சொல்லாது. அதைத்தான் கொஞ்சம் பார்க்கப்போகிறோம். எல்லாவற்றையும் அல்ல, கதை உள்ளவற்றை மட்டும்.

எழுதிவைத்தவர்கள்

கொச்சைச் சொல் வாயில் பிறந்து வாயிலேயே சாவது. யாராவது உட்கார்ந்து எழுதிவைத்தால்தான் நமக்குக் கிடைக்கும். அப்படி எழுதிவைத்த பழைய ஆட்களில் ஒருவர் தாமஸ் ஹார்மன், கெண்ட் மாவட்டத்தில் நிலபுலன் உள்ள கனவான். உடம்புக்கு முடியாமல் வீட்டோடு கிடந்தவர், வாசலுக்குப் பிச்சைக்கு வந்தவர்களையும் நாடோடிகளையும் பிடித்துவைத்துப் பேச்சுக் கொடுத்தார். அவர்களுடைய தில்லுமுல்லுகளையும் தங்களுக்குள் பேசிக்கொண்ட ரகசிய பாஷையையும் தொகுத்து 1560களில் ஒரு புத்தகமாகப் போட்டார். வெளியே சொல்லமாட்டேன் என்று அவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் போட்டதுதான் இதில் வேடிக்கை.

அந்த பாஷையில் பெண்ணுக்கு ‘மோர்ட்’ என்று பெயர். ‘ஆட்டம்’ என்றால் அவர்களுக்கு தேவாலயம். ஆகவே முறைப்படி கல்யாணம் ஆனவள் ‘ஆட்டம் மோர்ட்’. கல்யாணம் ஆகாமலே விதவை என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள் ‘வாக்கிங் மோர்ட்’. தாயின் முதுகில் தொங்கும் சிறுமி ‘கிஞ்சின் மோர்ட்’. குழந்தை என்பதற்கான ஜெர்மன் சொல் அதில் ஒளிந்திருக்கிறது. இன்னும் எவனும் தொடாத இளம்பெண் ‘டெல்’. கூட்டத் தலைவன் தொட்டுவிட்டால் அன்றிலிருந்து அவள் ‘டாக்ஸி’. ஆமாம், வாடகைக் கார் மாதிரியே ஒலிக்கும். ஆனால் அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்தப் பட்டியலில் பெண்கள் பெரும்பாலும் என்ன வேலை செய்கிறார்கள் என்பதை வைத்துப் பெயர் வாங்கவில்லை. எந்த ஆணோடு, எந்த நிலையில் இருக்கிறாள் என்பதுதான் பெயர். ஆண்களின் பட்டியலோ வேறு மாதிரி: குதிரை திருடுபவன், வலிப்பு வந்தவன்போல நடிப்பவன், கொக்கிக் கழியால் ஜன்னல் வழியே துணி இழுப்பவன் என்று தொழில்வாரியாகப் போகிறது.

‘டாக்ஸி’ பிறகு நாடோடிகளிடமிருந்து நகரத்துக்கு வந்து, வைப்பாட்டி என்ற பொருளில் நெடுநாள் புழங்கியது. 18ஆம் நூற்றாண்டு பிஷப் வில்லியம் வார்பர்ட்டன் சொன்னதாக ஒரு சிலேடை உண்டு. வைதிகத்தைக் குறிக்கும் ‘ஆர்த்தோடாக்ஸி’யும் மாற்றுக்கொள்கையைக் குறிக்கும் ‘ஹெட்டரோடாக்ஸி’யும் இரண்டுமே ‘டாக்ஸி’யில்தானே முடிகின்றன? “ஆர்த்தோடாக்ஸி என்பது என் டாக்ஸி, ஹெட்டரோடாக்ஸி என்பது அடுத்தவனுடைய டாக்ஸி” என்றாராம். பிஷப் சொல்கிற பேச்சா இது என்று கேட்காதீர்கள்.

அடுத்த பெரிய வேட்டைக்காரர் ஃபிரான்சிஸ் குரோஸ். 1785இல் லண்டன் தெருப்பேச்சுக்கென்றே ஓர் அகராதி போட்டார். கல்யாணம் ஆகாமல் முதிர்ந்த பெண்ணுக்கு அதில் ‘ஏப் லீடர்’ என்று ஒரு பெயர் இருக்கிறது: குரங்கு மேய்ப்பவள். பல்கிப் பெருகுங்கள் என்ற கடவுளின் கட்டளையை மீறியதற்குத் தண்டனையாக, செத்த பிறகு நரகத்தில் குரங்குகளை இழுத்துக்கொண்டு திரியவேண்டுமாம். பிள்ளை பெறாத ஆணுக்கு நரகத்தில் எந்த மிருகத்தையும் ஒதுக்கவில்லை. பெண்டுபிள்ளைகளை ‘கனமான மூட்டைமுடிச்சு’ என்று சொல்வார்கள் என்றும் குரோஸ் எழுதுகிறார். படை நகரும்போது பின்னால் வண்டிகளில் வருகிற கூட்டம் அல்லவா, அதனால். வாய்த்துடுக்கான பெண்ணை ‘பேகேஜ்’ என்று திட்டும் வழக்கமும் அன்றே இருந்தது.

வீட்டுக்காரி வசவானது

இதுவரை பார்த்தவை கீழ்த்தெருவில் பிறந்த சொற்கள். இனி வருபவை நல்ல வீட்டில் பிறந்து கெட்டுப்போனவை. எனக்கு இவைதான் ரொம்பப் பிடித்த பகுதி.

‘ஹஸ்ஸி’ என்றால் வெட்கம்கெட்டவள், அடங்காதவள். பழைய கதைகளில் கோபக்கார அத்தைகள் இளம்பெண்களைப் பார்த்துக் கத்துகிற சொல். அது ‘ஹவுஸ்வைஃப்’ என்ற சொல்லின் தேய்ந்த உச்சரிப்பு, வேறொன்றுமில்லை. 1530களில் ஹஸ்ஸி என்றால் வீட்டை நடத்துகிற தலைவி. பிறகு சாதாரணக் கிராமத்துப் பெண், பிறகு நாகரிகம் தெரியாதவள், 17ஆம் நூற்றாண்டில் நடத்தை சரியில்லாதவள். ஒரே சொல் இரண்டாகப் பிரிந்து, முழு உச்சரிப்பு மரியாதையாக வீட்டில் தங்கிவிட்டது. தேய்ந்த உச்சரிப்பு தெருவுக்குப் போய்விட்டது. இதில் மூன்றாவதாக ஒரு கிளையும் உண்டு. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஊசி, நூல், பொத்தான் வைத்த சின்னத் துணிச் சுருள் ஒன்று கொடுப்பார்கள். அதன் பெயர் ‘ஹவுஸ்வைஃப்’, வாய்வழக்கில் ‘ஹஸ்ஸிஃப்’. வீட்டுக்காரி கூட வரமுடியாத இடத்தில் கிழிசலைத் தைக்க அவள் பெயரில் ஒரு சுருள்.

நல்ல பொருள் இப்படிச் சரிந்து கெட்ட பொருள் ஆவதை மொழியியலில் இழிபொருட்பேறு என்பார்கள். இது இங்கிலாந்துக்கு மட்டும் உரியதல்ல. ‘தேவரடியார்’ என்று கல்வெட்டில் பொறித்துக் கௌரவித்த சொல் நம்மிடம் எங்கே வந்து நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் பெண்களைக் குறித்த சொற்களில் இது கிட்டத்தட்ட ஒரு விதிபோலவே நடந்திருக்கிறது. ‘மாஸ்டர்’ இன்றும் எஜமானர், தேர்ந்தவர். அவருக்கு இணையான ‘மிஸ்ட்ரஸ்’ கள்ளக்காதலி. ‘சர்’ என்றால் ஐயா. ‘மேடம்’ அம்மா என்பதோடு விபசார விடுதி நடத்துகிறவளாகவும் ஆனாள். ‘பேச்சலர்’ என்றால் இன்றும் ஒரு ஜாலி தொனிக்கிறது. ‘ஸ்பின்ஸ்டர்’ என்றாலோ பாவம் என்று தோன்றுகிறது. அவள் உண்மையில் நூல் நூற்றுத் தன் காலில் நின்றவள். தொழிலின் பெயர் அது. நூற்பு வேலை பெரும்பாலும் கல்யாணமாகாத பெண்கள் செய்தது என்பதால் 17ஆம் நூற்றாண்டில் சட்டப் பத்திரங்களில் அதுவே திருமணமாகாதவள் என்ற பொருளுக்கு வந்துவிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் திருமணப் பதிவேட்டில் 2005 டிசம்பர் வரை மணப்பெண்ணின் பெயருக்கு எதிரே அந்தச் சொல்லைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் இருவருக்கும் பொதுவாகத் ‘தனி’ என்று மாற்றினார்கள்.

இன்னும் விசித்திரம், ஆண்களுக்கும் பொதுவாக இருந்த சில சொற்கள் பெண்ணின் தலையில் மட்டும் போய் விழுந்தது. ‘கேர்ள்’ என்ற சொல்லே 1300 வாக்கில் ஆணோ பெண்ணோ எந்தக் குழந்தைக்கும் பொது. ‘ஹார்லட்’ என்றால் பிற்காலத்தில் விலைமாது. ஆனால் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் ஊர்சுற்றி ஆண். கவிஞர் சாஸர் தன் கேன்டர்பரி கதைகளில் ஒரு ஆண் பாத்திரத்தைத்தான் ‘நல்ல மனசுள்ள ஹார்லட்’ என்கிறார். ‘ஸ்லட்’ என்றால் இன்று நடத்தை கெட்டவள் என்ற வசவு, முதலில் அழுக்கும் அலங்கோலமுமாக இருப்பவள். அதன் உரிச்சொல்லையும் சாஸர் கந்தல் சட்டை போட்ட ஒரு ஆணைப் பற்றிச் சொல்லப் பயன்படுத்தியிருக்கிறார். கட்டிலுக்கு அடியில் பெருக்காமல் உருண்டு திரளும் தூசிப்பஞ்சுக்கு ‘ஸ்லட்டின் கம்பளி’ என்று பெயர். லண்டனில் நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பீப்ஸ் 1664 பிப்ரவரியில், வீட்டில் வேலை செய்யும் சூசன் என்ற சின்னப்பெண் ‘மிக அருமையான ஸ்லட்’ என்றும், மற்ற இருவரைவிட அதிகம் வேலை செய்கிறாள், கூடுதல் சம்பளத்துக்குத் தகுதியானவள் என்றும் எழுதிவைத்திருக்கிறார். இன்றைய பொருளை வைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்தால் பீப்ஸைத் தப்பாக நினைத்துவிடுவோம். (அவரைத் தப்பாக நினைக்க அந்த நாட்குறிப்பில் வேறு பக்கங்கள் ஏராளமாக இருக்கின்றன, அது தனி.)

ஆண் காலில் கிடந்தது பெண் காலுக்கு மாறியதற்கு ஒரு நேரடி உதாரணம் ‘புளூஸ்டாக்கிங்’. படிப்பு அதிகமாகப் படித்து, பெண்மையை மறந்தவள் என்று 19ஆம் நூற்றாண்டில் ஏளனமாகச் சொன்ன சொல். அந்த நீலக் காலுறை உண்மையில் ஒரு ஆணுடையது. 1750களில் எலிசபெத் மான்டேகு போன்ற சீமாட்டிகள் லண்டனில் தங்கள் வீட்டில் சீட்டாட்டத்துக்குப் பதிலாக இலக்கியம் பேசும் கூட்டங்கள் நடத்தினார்கள். தாவரவியலாளர் பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃபிளீட்டையும் அழைத்தார்கள். விருந்துக்குப் போட வேண்டிய கறுப்புப் பட்டுக் காலுறை அவரிடம் இல்லை. பரவாயில்லை, அன்றாடம் போடும் நீலக் கம்பளிக் காலுறையோடே வாருங்கள் என்றார்கள். அவர் வந்துவிட்டுப் போய்விட்டார். காலுறை பெண்களோடு தங்கிவிட்டது.

பறவைக் கூட்டம்

சரி, எல்லோருக்கும் தெரிந்த சொல்லுக்கு வருவோம். ‘பேர்ட்’ என்றால் பெண், காதலி. 1960களின் லண்டன் என்றாலே இந்தச் சொல்லும் கூடவே வரும். குட்டைப் பாவாடை, கண்ணைச் சுற்றிக் கனத்த மை என்று கார்னபி தெருவில் திரிந்த இளம்பெண் ‘டாலி பேர்ட்’. நம் டோரதி அங்கேயும் வந்துவிட்டாள் பாருங்கள்.

பறவைக்கும் பெண்ணுக்கும் இங்கே உள்ள சம்பந்தம் கொஞ்சம் சிக்கல். இடைக்கால ஆங்கிலத்தில் ‘பர்ட்’ என்று ஒரு சொல் தனியாக இருந்தது; பொருள் இளம்பெண், சீமாட்டி. பாட்டுகளில் மேரி மாதாவைக்கூட அந்தச் சொல்லால் பாடியிருக்கிறார்கள். பறவையைக் குறிக்கும் ‘பேர்ட்’ வேறு சொல். பழைய ஆங்கிலத்தில் ‘பிரிட்’, அதுவும் குஞ்சுக்கு மட்டும். வளர்ந்த பறவை ‘ஃபவுல்’. காலப்போக்கில் ‘பிரிட்’ எழுத்து இடம்மாறி ‘பேர்ட்’ ஆனது. இரண்டு சொற்களும் ஒரே மாதிரி ஒலிக்க, ஒன்று மற்றொன்றுக்குள் கரைந்துபோனது. இன்றைய கொச்சை ‘பேர்ட்’ அந்தப் பழைய மரியாதைச் சொல்லின் நேர் வாரிசு என்று சிலர் அடித்துச் சொல்வதுண்டு. நடுவில் சில நூற்றாண்டுகள் அது வழக்கில் அருகிப்போய், 20ஆம் நூற்றாண்டில்தான் கொச்சையாக மறுபடி தலைகாட்டுகிறது. ஆகவே பறவை உவமை புதிதாகப் பிறந்தது என்று கொள்வதே எனக்கு இயல்பாகப் படுகிறது. சிறைப்பறவைகளின் பாஷையில் ‘பேர்ட்’ என்றால் தண்டனைக்காலம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் ஒருவன் ‘பேர்ட் முடித்துவிட்டு வந்தேன்’ என்னும்போது குழம்பிப்போவீர்கள்.

‘ஃபிளாப்பர்’ என்றவுடன் 1920களின் அமெரிக்க ஜாஸ் நடனப் பெண்கள்தான் நினைவுக்கு வருவார்கள். சொல் பிரிட்டனில் அதற்கு முன்பே இருந்தது. பறக்கப் பழகும்போது சிறகைப் படபடவென்று அடிக்கும் காட்டுவாத்துக் குஞ்சுதான் ஃபிளாப்பர். 1890களில் அது மிக இளவயது விலைமாதுக்கான கொச்சை. 1900களில் பொருள் சுத்தமாகி, கொண்டை போடும் வயது வராமல் சடை பின்னித் தொங்கவிட்ட பதின்வயதுப் பெண்ணுக்கு வந்தது. சரிந்த சொல் மேலே ஏறியதும் உண்டு என்பதற்கு இது சாட்சி. மோட்டார் சைக்கிளின் பின்இருக்கைக்குக்கூட ‘ஃபிளாப்பர் பிராக்கெட்’ என்று பெயர் வைத்தார்கள். அப்புறம் அரசியலுக்கு வந்தது. 1918இல் பிரிட்டனில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு, அதுவும் சொத்துத் தகுதி இருந்தால், ஓட்டு கிடைத்தது. ஆண்களுக்கு 21 வயதிலேயே. 1928 சட்டம் பெண்களுக்கும் 21 என்று ஆக்கியபோது, எதிர்த்த பத்திரிகைகள் அதை ‘ஃபிளாப்பர் ஓட்டு’ என்று கிண்டலடித்தன. சடை தொங்கும் சின்னப்பெண்கள் நாட்டை நடத்தப்போகிறார்களா என்பது அதன் உள்குத்து. அந்தச் சட்டத்தால் சுமார் 50 லட்சம் பெண்கள் புதிதாக வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள், ஆலையில் வேலை செய்தவர்கள். 30 வயதைத் தாண்டியும் சொத்து இல்லாததால் அதுவரை ஓட்டு கிடைக்காதவர்களும் அதில் உண்டு. அடுத்த ஆண்டு நடந்த பொதுத்தேர்தலுக்கு ‘ஃபிளாப்பர் தேர்தல்’ என்றே பெயர் நின்றுவிட்டது.

போர்க்காலமும் தன் பங்குக்குப் பறவைகளைப் பிடித்தது. முதல் உலகப் போரில் குண்டுத் தொழிற்சாலைகளில் டிஎன்டி வெடிமருந்தைக் கையாண்ட பெண்களுக்குத் தோல் மஞ்சளாகிவிடும். அவர்களை ‘கேனரிப் பெண்கள்’ என்றார்கள், மஞ்சள் குருவியை வைத்து. கேட்க அழகாக இருக்கிறது. உண்மையில் அது கல்லீரலைத் தாக்கும் நஞ்சின் அறிகுறி, செத்தவர்களும் உண்டு. 1917இல் தொடங்கிய கடற்படைப் பெண்கள் பிரிவின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் கிட்டத்தட்ட ‘ரென்’ என்று வரும். ரென் ஒரு குட்டிக் குருவி. அந்தப் பிரிவின் பெண்கள் அந்தப் பெயரைப் பெருமையாகவே வைத்துக்கொண்டார்கள், 1993இல் பிரிவே கடற்படையோடு கலக்கும்வரை.

பேக்கரி

பெண்ணைத் தின்பண்டமாகச் சொல்வதில் பிரிட்டிஷார் கெட்டிக்காரர்கள். ‘டார்ட்’ என்பது பழக்கூழ் வைத்துச் சுட்ட பணியாரம். கொச்சையில் இன்று அது நேரடி வசவு. 1864இல் வந்த ஜான் கேம்டன் ஹாட்டனின் கொச்சை அகராதி சொல்வது வேறு: லண்டன் உழைக்கும் வர்க்கத்து இளைஞர்கள் மனசுக்குப் பிடித்த பெண்ணைப் பாராட்டிச் சொல்கிற சொல். அதுவும் எப்போதும் சொல்லமாட்டார்களாம். அவள் வண்ண கவுன், சிவப்போ நீலமோ ஒரு சால்வை, தொப்பி நிறைய ரிப்பன் என்று முழு அலங்காரத்தில் இருந்தால்தான், பெரிய பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் மினுக்கும் ஜாம் டார்ட்போல இருக்கிறாள் என்பார்களாம். முப்பது வருடத்துக்குள் அதே சொல் விலைமாதுக்கு வந்துவிட்டது. லிவர்பூலில் மட்டும் காதலி என்ற பழைய பொருளோடு நெடுநாள் தாக்குப்பிடித்தது. ‘டார்ட் அப்’ என்றால் மலிவாக மினுக்கி அலங்கரிப்பது; பழைய வீட்டுக்குப் பெயின்ட் அடித்து விற்பவனைப் பற்றிக்கூடச் சொல்லலாம்.

‘கிரம்பெட்’ நம் ஆப்பத்தின் தூரத்துச் சொந்தம்: கல்லில் ஊற்றிச் சுட்டது, மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கும், சூடாக வெண்ணெய் தடவினால் உள்ளே இறங்கும். 19ஆம் நூற்றாண்டுக் கொச்சையில் இது தலையைக் குறித்தது. கிரம்பெட்டில் கோளாறு என்றால் மண்டையில் கோளாறு. 1930களில்தான் பெண்ணுக்கு மாறியது. கவர்ச்சியான பெண்களை மொத்தமாகக் குறிக்கும். ஒருத்தி, இருவர் என்று எண்ணமுடியாது, சோறு என்பதுபோல. பிபிசி2இன் இரவு நேர நிகழ்ச்சியில் கலை, இலக்கியம், அரசியல் என்று பேசிய ஜோன் பேக்வெல்லை 1960களில் நகைச்சுவையாளர் ஃபிராங்க் மியூர் ‘சிந்திக்கிற ஆணுக்கான கிரம்பெட்’ என்றார். பாராட்டு என்றே நினைத்துச் சொல்லியிருப்பார். அந்தப் பெண்மணி பின்னால் பிரபுக்கள் சபை உறுப்பினரே ஆனார். அவரைப் பற்றி எழுதும்போதெல்லாம் பத்திரிகைகள் அந்தப் பட்டத்தை விடாமல் தூக்கிக்கொண்டு வந்தன.

கவர்ச்சியான பெண்களைக் குறிக்கும் ‘டாட்டி’யும் இதே குடும்பம்போலத் தோன்றும், ஆனால் தின்பண்டம் அல்ல. சின்னக் குழந்தையைக் குறிக்கும் ‘டாட்’ என்ற சொல்லிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது. 2012 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குள் இருக்கும் மதுக்கூடத்தில் ‘டாப் டாட்டி’ என்ற பெயரில் ஒரு பீர் வைத்தார்கள்; குழாயில் நீச்சலுடைப் பெண்ணின் படம். கேட் கிரீன் என்ற எம்.பி. சபையில் ஆட்சேபம் கிளப்பினார், அன்றே பீர் வெளியேறியது. பிறகு பத்திரிகைகளில் ஒரு வாரம் சண்டை. இது அசிங்கமா, சும்மா வேடிக்கையா, பாட்டி காலத்துச் சொல்லுக்குப் போய் இவ்வளவு கோபமா என்று. கிழடாகிப்போன கொச்சைக்கு இந்த வசதி உண்டு: வசவைச் சொல்லிவிட்டு, பழைய நகைச்சுவைதானே என்று நழுவிவிடலாம்.

கப்பலில் வந்தது, கப்பலில் போனது

அரபியில் ‘பின்ட்’ என்றால் மகள், பெண். இன்னாரின் மகள் என்று பெயரோடு சேர்த்து எழுதுவது அங்கே கௌரவம். மலேசியத் தமிழர்களுக்கு அதன் மலாய் வடிவமான ‘பிந்தி’ அன்றாடம் கண்ணில் படுவது. எகிப்தில் முகாமிட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள், முக்கியமாக இரண்டு உலகப் போர்களின்போது, அந்தச் சொல்லைப் பொறுக்கி மூட்டையில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இங்கிலாந்து போய்ச் சேர்ந்தபோது அது ‘அந்த மடச்சி’ என்கிற அளவுக்கு இறங்கியிருந்தது. மொழியில் ஒரு குற்றமும் இல்லை. சிப்பாய் அந்தச் சொல்லை யாரைப் பார்த்து, எந்த இடத்தில் சொன்னான் என்பதுதான் அதன் பொருளைத் தீர்மானித்தது.

இந்தியாவிலிருந்தும் சரக்கு போனது. 19ஆம் நூற்றாண்டில் இளம்பெண்ணை ‘ஒரு துண்டு மஸ்லின்’ என்பார்கள். வங்காளத்து மெல்லிய பருத்தித் துணி அங்கே பெண்களின் கவுன் ஆகியிருந்தது. இங்கே ஆண்டவர்களின் மனைவிமாருக்கு வங்காளத்தில் ‘மெம்சாகிப்’ என்று பெயர்: ஆங்கில ‘மேம்’ முன்னால், ‘சாகிப்’ பின்னால். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, சென்னை மாகாணத்தில் அதற்குப் பதிலாகத் ‘துரைசானி’ என்பார்கள் என்று சரியாகக் குறித்துவைத்திருக்கிறது. இவர்களில் பலர் மாப்பிள்ளை தேடிக் கப்பலேறி வந்தவர்கள். ஒவ்வொரு குளிர்காலமும் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கிய கல்யாணமாகாத பெண்களின் கூட்டத்துக்கு ஆங்கிலேயர்களே வைத்த பெயர் ‘மீன்பிடிக் கப்பற்கூட்டம்’. பருவம் முடிந்தும் யாரும் அமையாமல் ஊர் திரும்புகிறவர்கள், ‘திரும்பிப் போகும் காலி பாட்டில்கள்’. சொந்த ஊர்ப் பெண்களைப் பற்றி, கிளப்பில் உட்கார்ந்துகொண்டு சொன்னது இது.

லண்டன் கீழைப்பகுதியின் எதுகைக் கொச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய சொல்லுக்கு எதுகையாக ஒரு தொடரைச் சொல்வது அதன் முறை. மனைவிக்கு ஆங்கிலத்தில் ‘வைஃப்’. அதற்கு எதுகையாக ‘டிரபிள் அண்ட் ஸ்டிரைஃப்’, அதாவது தொல்லையும் சண்டையும். ‘கேர்ள்’ என்பதற்கு ‘ட்விஸ்ட் அண்ட் ட்வர்ல்’. பழகியவர்கள் எதுகை வருகிற பின்பாதியை முழுங்கிவிட்டு ‘ட்விஸ்ட்’ என்று மட்டும் சொல்வார்கள், வெளியாளுக்கு ஒன்றும் புரியாது. எதுகை இல்லாமல் 1980களில் நாடு முழுக்கப் பரவிய இன்னொரு லண்டன் பேச்சு ‘எர் இன்டோர்ஸ்’, உள்ளே இருக்கிறாளே அவள். 1979இல் தொடங்கிய ‘மைண்டர்’ என்ற தொலைக்காட்சித் தொடரில் ஆர்தர் டேலி என்ற தகிடுதத்த வியாபாரி தன் மனைவியை அப்படித்தான் சொல்வான். அந்த அம்மாளைத் தொடரில் ஒருமுறைகூடக் காட்டவில்லை. ‘வீட்ல கேட்டுச் சொல்றேன்’ என்று நம் ஆட்கள் சொல்லும்போதும் பெயர் வருவதில்லை என்பது நினைவுக்கு வருகிறது.

இவற்றில் எதையாவது நாம் சொல்லிப் பார்க்கலாமா என்றால், லண்டனிலோ அலுவலகத்திலோ வேண்டவே வேண்டாம். டார்ட், பின்ட், ஸ்லட் எல்லாம் இன்று சுத்தமான வசவு. பேர்ட், கிரம்பெட், டாட்டி சொல்பவரைப் பழைய பெருசு என்று காட்டிக்கொடுக்கும். ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம் கணக்கு மாறும். ‘வென்ச்’ என்ற சொல்லைப் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் குழந்தையைக் குறித்த ‘வென்சல்’ என்பதிலிருந்து வந்தது. பெண்பிள்ளை, வேலைக்காரி, ஒழுக்கம் கெட்டவள் என்று படிப்படியாக இறங்கியது. சரித்திரப் படங்களில் கள்ளுக்கடையில் கோப்பை ஏந்துகிறவளை அப்படித்தான் அதட்டுவார்கள். பர்மிங்ஹாமுக்கு மேற்கே, பழைய நிலக்கரி, இரும்புத் தொழில் ஊர்களான பிளாக் கன்ட்ரியில் வயதானவர்கள் மனைவியையும் மகளையும் இன்றும் பாசமாக ‘மை வென்ச்’ என்கிறார்கள். கிளாஸ்கோவில் கடைக்காரர் ‘ஹென்’ என்றால், கோழி என்று திட்டவில்லை, அம்மா என்று கூப்பிடுகிறார். நாட்டிங்ஹாம், டெர்பி பக்கம் ‘மை டக்’. அது ஆணுக்கும் உண்டு, மீசைக்காரரைக்கூட வாத்தே என்பார்கள்.

அபர்டீனுக்குப் போனால் ‘க்வைன்’. பழைய ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து இரண்டு சொற்கள் இருந்தன, நம் குறில் நெடில்போல ஒலி மட்டும் கொஞ்சம் வேறு. ஒன்று அரசனின் மனைவி; அதுதான் இன்றைய ‘குவீன்’. மற்றது சாதாரணப் பெண். அந்த வேர் மிகப் பழையது. கிரேக்கத்திலும் சமஸ்கிருதத்திலும் அதன் கிளைகள் உண்டு. பாரசீகத்தில் பெண்ணைக் குறிக்கும் ‘ஜன்’ அதுதான். அந்தப்புரத்துக்கு நம் பக்கம் வந்த ‘ஜெனானா’ அதன் பேத்தி. இங்கிலாந்தில் சாதாரணப் பெண்ணுக்கு இருந்த சொல் வழக்கம்போலச் சரிந்து, வாயாடி, நடத்தை கெட்டவள் என்றாகி, கடைசியில் அரசியோடு உச்சரிப்பும் ஒன்றாகிவிட்டதால் சங்கடம் தாங்காமல் வழக்கொழிந்தது. வடகிழக்கு ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இந்தக் கதையே தெரியாது. அங்கே பையன் என்றால் ‘லூன்’, பெண்பிள்ளை என்றால் க்வைன். பள்ளி விட்டு மழையில் நனைந்து வருகிற மகளைப் பார்த்து, வாடி என் கண்ணு என்கிற மாதிரி, ஒரு தாய் சொல்கிற சொல் அது.